டொக்டர் நெஸ்தேயும் தங்கச்சியின் ஊசியும்

1

இரத்தத்தை இளக்குகிற ஊசி என்றால் இரத்தத்தில் தண்ணீர் கலக்கிற ஊசி என்றுதான் நான் நம்பியிருந்தேன். எங்கள் சந்திக் கடைக்காரர் பாலுக்குச் செய்ததை மருந்துக் கம்பனி இரத்தத்துக்குச் செய்கிறது, அவ்வளவுதான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒருத்திக்கு இதை மாதக்கணக்கில் குத்தினால், பிள்ளை பிறக்கிற நேரம் குளத்து மதகாகிய துருசைத் திறந்துவிட்டதுபோல உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே பாயும். பிறகு மண்மூட்டை அடுக்கியும் பிரயோசனம் இல்லை.

இதை நம்பியவன் சின்னப்பிள்ளை அல்ல. ஐம்பது வயதைத் தாண்டியவன். நோர்வேயில், பேர்கன் என்கிற மழை நகரத்தில், பஸ் ஓட்டுகிறவன். காலை எழுந்ததும் ஒரு நாட்டின் அரசாங்கம் நம்பி ஒரு பஸ் நிறைய உயிர்களைக் கையில் கொடுக்கிற ஆள்.

நம்பிக்கொண்டு வாயை மூடியிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. வாயை மூடியிருக்கிற வெளிநாட்டுக்காரனை நீங்கள் எங்கே கண்டீர்கள்? நான் அதை ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் ஸ்பீக்கர் போட்டிருந்தது.

போன கிழமை தாடி வழிக்கும்போது நாடியில், முகவாய்க்கட்டையில், மறுபடியும் வெட்டிக்கொண்டேன். கடதாசியால் அமத்திக்கொண்டு நின்றபோது, போன வருடம் இதேபோல நின்ற அந்த மடையன் கண்ணாடியில் தெரிந்தான். அவனைப் பற்றி நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. என் மனைவி எழுதினால் இதைவிடக் கேவலமாக எழுதுவாள்.

2

போன வருடத்துக் கதையும் ஒரு வெட்டோடுதான் தொடங்கியது.

என் நெஞ்சுக் குழாயில் ஒரு அடைப்பு வந்து, அதைத் திறந்துவிட்டு, இனிமேல் அடைக்காமல் இருக்கத் தினமும் விழுங்கு என்று ஒரு குளிசையைக் கொடுத்திருக்கிறார்கள். அதுவும் இரத்தத்தை இளக்குகிற மருந்து என்று மட்டும் தெரியும், எப்படி இளக்குகிறது என்று நான் கேட்டதில்லை. குளிசையோடு தந்த தாளில் நோர்வேஜிய மொழியில் எழுதியிருந்தது. அந்த மொழியில் நான் பஸ் ஓட்டலாம், சண்டை பிடிக்கலாம், மன்னிப்புக் கேட்கலாம். மருந்துத்தாள் வாசிக்கிற அளவுக்கு என் ஆர்வம் வளரவில்லை.

அன்று காலை நாடியில் ஒரு சின்ன வெட்டு. இரத்தம் நிற்கவில்லை. கடதாசியை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். கடதாசி சிவந்தது. இன்னொன்றை ஒட்டினேன். ஏறிய பயணிகள் ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார்கள். இந்த நாட்டு மரியாதை அப்படி. தலையில்லாத ஒருவன் பஸ் ஓட்டினாலும் நன்றி சொல்லி இறங்கிப் போவார்கள். கிளிநொச்சியில் இருந்து பூநகரிக்குப் போகிற பஸ்ஸில் இதே நாடியோடு நான் ஏறியிருந்தால், முதல் தரிப்பிடத்துக்குள் இரண்டு பேர் மஞ்சள் வைக்கச் சொல்லி, ஒருவர் கோப்பித்தூள் வைக்கச் சொல்லி, கொண்டக்டர் என் பெண்சாதிதான் வெட்டினாளோ என்று கேட்டிருப்பார். எது நல்லது என்று இன்னும் எனக்குத் தெரியாது. இரண்டும் இரத்தத்தை நிற்பாட்டாது.

கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு யோசித்தேன். யோசித்ததுதான் பிழை. தங்கச்சி வதனி முந்தின நாள்தான் சொல்லியிருந்தாள், தினமும் வயிற்றில் ஊசி குத்துகிறாள் என்று, அது இரத்தத்தை இளக்குகிற ஊசி என்று. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். இத்தனூண்டு வெட்டுக்கே எனக்கு இவ்வளவு என்றால், அவளுக்கு?

ஏன் அந்த ஊசி என்பதை அவள் எனக்குச் சொல்லத் தேவையே இருக்கவில்லை. மூத்தவன் பிறந்து சில நாட்களில் அவளுடைய இடது கால் தூண்போல வீங்கியது. காலில் உறைந்த இரத்தக்கட்டி நெஞ்சுக்கு ஏறி, மூச்சு எடுக்க முடியாமல், அம்புலன்ஸில் கொண்டுபோய் ஒட்சிசன் கொடுத்துத்தான் அவளை மீட்டார்கள். குகன், அவளுடைய புருசன், அன்று தொலைபேசியில் அழுதது எனக்குக் கேட்டது. ஆனால் கேட்டதுதான், காணவில்லை. கண்ணால் காணாத ஆபத்தை மறப்பது வெளிநாட்டுக்காரனுக்கு மிகவும் சுலபம். சொந்த நாடியில் கண்ட இரத்தம் அப்படி அல்ல, அது மறக்கவே மறக்காது.

3

கிளிநொச்சிப் பக்கம், தங்கச்சி இருக்கிற உருத்திரபுரத்தில் அப்போது மத்தியானம். வதனி தொலைபேசியை எடுத்தாள்.

"பிள்ளை, அந்த ஊசியை நிப்பாட்டு."

"எந்த ஊசியை?"

"வயித்தில குத்திற ஊசியை. எனக்கு இண்டைக்கு நாடியில வெட்டினது, இன்னும் ரத்தம் நிக்கேல்லை. உனக்குப் பிள்ளை பிறக்கேக்க என்ன நடக்கும் எண்டு யோசிச்சனியோ?"

"அண்ணா, நீங்கள் தாடி வழிக்கிறதுக்கும் நான் பிள்ளை பெறுறதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் ரத்தம்தானே."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் நான் மாமரத்தில் இருந்து விழுந்தபோது சிரித்த அதே சிரிப்பு.

"டொக்டர் எல்லாம் சொன்னவர் அண்ணா. ரத்தம் தண்ணியாகிறேல்லையாம். உறையிறது பிந்துமாம், அவ்வளவுதான். வயித்தில பிள்ளை இருக்கேக்க ரத்தம் தன்ர பாட்டில கூட உறையுமாம், அதிலயும் எனக்கு ஒருக்கா வந்தது திரும்பி வருமாம். இந்த மருந்து பிள்ளைக்குப் போகாது. நாள் குறிச்சு, முன்னமே வந்து வார்ட்டில படுக்கச் சொல்லினம். முதல் நாளோட ஊசியை நிப்பாட்டிப்போட்டு, அடுத்த நாள் வலி வர மருந்து வைப்பினம். அதுக்கு முதல் வீட்டில வலி வந்தா ஊசியைப் போடாமல் உடன வரச் சொன்னவை. பெத்தாப் பிறகு திரும்பத் தொடங்க வேணும்."

இவ்வளவு தெளிவாக ஒருத்தி சொன்னால் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? "சரி பிள்ளை" என்று வைப்பான். நான் துருசுக் கதையைச் சொன்னேன். குளம், அணைக்கட்டு, வெள்ளம், மண்மூட்டை எல்லாம் சொன்னேன்.

"வடிவாத்தான் சொல்லுறியள்," என்றாள். "துருசு திறந்தா மூடலாம் அண்ணா. வாய்க்கால் அடைச்சா வயல் என்ன ஆகும் எண்டு இவரிட்டக் கேட்டுப் பாருங்கோ. போன முறை எனக்கு அடைச்சது துருசில்லை, வாய்க்கால்."

வயல்காரன் பெண்சாதியிடம் தண்ணீரைப் பற்றிக் கதைக்கப்போன என் மடைத்தனத்தை என்ன சொல்ல. அப்போதும் நான் விடவில்லை. "எதுக்கும் ரெண்டு நாள் போடாமல் விட்டுப் பார். நான் இஞ்ச விசாரிக்கிறன்," என்று பெரிய மனிதக் குரலில் சொல்லிவிட்டு வைத்தேன்.

பின்னேரம் வீட்டில் என் மனைவி சுகி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, அவளை நிப்பாட்டச் சொன்னனீங்கள். நீங்கள் உங்கட குளிசையை நிப்பாட்டினனீங்களோ?"

"நான் ஏன் நிப்பாட்ட? எனக்கு அடைச்சாச் செத்துப் போவன்."

அவள் சாப்பாட்டுக் கோப்பையைக் கொஞ்சம் பலமாக வைத்தாள்.

பல்கலைக்கழகத்துக்குப் போகிற எங்கள் மகள் சயனா காதில் இருந்த இயர்ஃபோன் ஒன்றைக் கழற்றிவிட்டு, அரைவாசி நோர்வேஜியத்திலும் அரைவாசி தமிழிலும் கேட்டாள்: "வதனி மாமிக்கு ஒரு டொக்டர் இருக்கிறார்தானே அப்பா. பிறகு ஏன் நீங்கள்?" இந்த 'பிறகு ஏன் நீங்கள்' என்ற கேள்வியை இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் மிக ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கின்றன. எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் ஊரில் ஒருவருக்குத் தும்மல் வந்தால் கனடாவில் இருந்து ஒரு ஆலோசனை போகிறது.

4

மூன்றாம் நாள், நான் கடைசித் தரிப்பிடத்தில் பஸ்ஸோடு நிற்கும்போது வதனி அழைத்தாள். சிரிப்பு இல்லை.

"அண்ணா, மாமி ஊசிப் பெட்டியை ஒளிச்சுப்போட்டா."

"ஆர்?"

"மாமி. இவற்ற அம்மா. நீங்கள் அண்டைக்குச் சொன்னதை ஸ்பீக்கரில கேட்டுக்கொண்டு நிண்டவா. 'வெளிநாட்டில இருக்கிற பிள்ளை சொல்லுது, உனக்கென்ன தெரியும்' எண்டு எடுத்துக்கொண்டு போட்டா. நெல்லு மூட்டையளுக்குப் பின்னால எங்கயோ வைச்சிருக்கிறா. நேற்றும் போடேல்லை, இண்டைக்கும் போடேல்லை."

"குகன் என்ன செய்யிறான்?"

"அவர் வயலுக்குப் போட்டார். தாயோட கதைக்க ஏலாத நேரமெல்லாம் அவருக்கு வயலில வேலை இருக்கும்."

"கிளினிக்கில வேற ஊசி வாங்க ஏலாதோ?"

"விடிய எழும்பிப் போய் வாங்குவன். அதுவும் இன்னொரு நாள். அங்க கேட்டா என்ன சொல்லுறது, மாமி ஒளிச்சவா எண்டோ? ஆனா அண்ணா, இடது கால் ஒரு மாதிரிக் கனக்குது."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். குகன் அன்று அழுத சத்தம் இப்போதுதான் எனக்கு முழுதாகக் கேட்டது.

"மாமியிட்டக் குடு போனை," என்றேன்.

குகனின் தாயார் நல்ல மனுசி. அதுதான் இடைஞ்சல். கெட்டவர் என்றால் ஏசலாம்.

"சொல்லுங்கோ தம்பி. நீங்கள் சொன்னது நூறு வீதம் சரி. நானும் அப்பவே நினைச்சனான்."

"மாமி, நான் சொன்னது பிழை. பெட்டியைக் குடுங்கோ."

"ஏன் தம்பி, தங்கச்சி உங்களோடயும் சண்டை பிடிச்சவளோ?"

"இல்லை மாமி. எனக்கு இதைப் பற்றி ஒண்டும் தெரியாது. நான் பஸ் ஓடுறவன்."

"அது தெரியும் தம்பி. ஆனா வெளிநாட்டு பஸ்ஸெல்லோ."

"அங்க ஆஸ்பத்திரியில பெரிய டொக்டர்தானே போடச் சொன்னவர்?"

"அவர் பெரிய டொக்டர்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவரும் இஞ்ச இருக்கிறவர்தானே."

இந்த ஒரு வசனத்துக்குப் பதில் கண்டுபிடிக்க எந்தப் பல்கலைக்கழகத்திலும் இடமில்லை. பத்து வருடத்துக்கு மேல் படித்து, அவளை ஒருமுறை சாவில் இருந்து மீட்ட ஒருவர் கிளிநொச்சிப் பக்கம் இருக்கிற குற்றத்துக்காகத் தோற்றுப்போனார். நாடியில் கடதாசி ஒட்டிய பஸ் சாரதி பேர்கனில் இருக்கிற தகுதியால் வென்றான். அப்படி வென்றவன் இப்போது தோற்க விரும்பினாலும் விடுகிறார்கள் இல்லை. அந்த மனுசியை நான் பழிக்கமாட்டேன். எத்தனையோ வருடமாகச் சொக்லேட்டும் சவர்க்காரமும் அனுப்பி, இங்கிருந்து வருவதெல்லாம் உயர்ந்தது என்று பழக்கியவர்கள் நாங்கள்தான்.

5

அப்போதுதான் எனக்கு என் குடும்ப வைத்தியரின் நினைவு வந்தது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாமி கேட்பார். தொலைபேசி எடுத்தேன். வயலின் வாசித்தார்கள். வாசித்து முடிந்ததும் எனக்கு முன்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பதிவுக்குரல் மகிழ்ச்சியாகச் சொன்னது. பிறகு மறுபடி வயலின். கடைசியில் ஒரு பெண் எடுத்தாள்.

பதற்றத்தில் என் நோர்வேஜியம் கலைந்துபோயிற்று. எனக்கு எட்டாம் மாதம் என்றும், ஊசியை மாமியார் நெல்லுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார் என்றும் சொல்லியிருக்கிறேன்.

அவள் ஒரு கணமும் திகைக்கவில்லை. "உங்கள் பிறந்த இலக்கம்?" என்று கேட்டாள்.

அது என் தங்கச்சி என்று திருத்தினேன். தங்கச்சியின் இலக்கத்தைக் கேட்டாள். இந்த நாட்டில் அரசாங்கம் கொடுக்கிற பிறந்த இலக்கம் இல்லாதவர் பிறக்காதவர். தங்கச்சி இலங்கையில் இருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் அவள் எங்கள் நோயாளி அல்ல என்றாள். ஒரே ஒரு சொல் டொக்டர் சொன்னால் போதும் என்றேன். அடுத்த கிழமை ஒரு நேரம் இருக்கிறது, ஆனால் தங்கச்சி நேரில் வரவேண்டும் என்றாள். பிறகு, பிள்ளை கிடைக்கப்போவதற்கு வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ் புறப்பட இன்னும் சில நிமிடங்கள்தான். வதனியின் கால் கனக்கிறது. நான் மறுபடி உருத்திரபுரத்துக்கு அழைத்தேன்.

"மாமி, இப்பத்தான் இஞ்சத்தைய டொக்டரோட கதைச்சனான்."

"அப்பிடியோ! என்னவாம்?"

"உடன ஊசியைப் போட வேணுமாம். ஒரு நாளும் விடக்கூடாதாம். விட்டா உயிருக்கு ஆபத்தாம். நாளைக்கே கிளினிக்குக்குப் போய்க் காலைக் காட்டட்டாம். அங்கத்தைய டொக்டர் சொல்லுறதை அப்பிடியே கேக்கட்டாம்."

"டொக்டற்ற பேர் என்ன தம்பி?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸின் முன்திரையில் வெளிச்சமாக ஒரு சொல் தெரிந்தது: நெஸ்தே. 'அடுத்தது' என்று அர்த்தம். அடுத்த தரிப்பிடத்தின் பெயருக்கு முன்னால் நாள் முழுக்க அது ஓடிக்கொண்டிருக்கும்.

"டொக்டர் நெஸ்தே," என்றேன்.

"பேரைக் கேக்கவே தெரியுது, பெரிய ஆள்தான்," என்றார் மாமி. நெல்மூட்டை இழுபடுகிற சத்தம் கேட்டது. அன்று மத்தியானமே வதனி ஊசியைப் போட்டாள்.

அவளுடைய வைத்தியர் மாதக்கணக்காகச் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். மழைக்குள் பிறந்த, முகம் இல்லாத, பஸ் திரையில் வசிக்கிற ஒருவரின் வாயால் சொன்னேன். பலித்தது.

அடுத்த நாள் வதனி கிளினிக்கில் இருந்து கதைத்தாள். காலை ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்களாம். கட்டி எதுவும் இல்லை. கனம் எட்டாம் மாதத்துக் கனம்.

"டொக்டர் ஏசினவரோ?"

"நல்ல ஏச்சு. ஆர் விடச் சொன்னது எண்டு கேட்டவர். அண்ணன் எண்டு சொன்னனான்."

"என்னவாம்?"

"அண்ணன் என்ன வேலை செய்யிறார் எண்டு கேட்டவர். சொன்னனான். பிறகு தலையில கை வைச்சுக்கொண்டு இருந்தவர்."

6

இத்தோடு நான் திருந்தியிருக்க வேண்டும். பயம் திருந்தவில்லை, இடம் மாறியது. கட்டிப் பயம் போய், பிரசவத்தில் இரத்தம் போகிற பயம் திரும்பி வந்தது. வதனி வார்ட்டில் படுத்த நாள், எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். குழுவின் பெயர் 'ஊர்ப் பெடியள்'. பெடியள் எல்லோருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. தங்கச்சிக்கு இரத்தம் தேவைப்படலாம் என்று சொன்னேன்.

ஐந்து நாடுகள் விழித்துக்கொண்டன. கனடாவில் ஒருவர் தன்னுடையது ஓ பொசிட்டிவ் என்று எழுதினார். அதை எப்படி அனுப்புவது என்று எழுதவில்லை. லண்டனில் ஒருவர் பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னார். சுவிஸில் ஒருவர் இரத்தம் இளகினால் வெண்காயம் கூடாது என்றார், இன்னொருவர் வெண்காயம்தான் வேண்டும் என்றார், இருவரும் வெண்காயத்தை விட்டுவிட்டுப் பழைய கோயில் தகராறுக்குப் போனார்கள். ஊரில் இருக்கிற கணேசண்ணை மட்டும் "எவ்வளவு வேணுமெண்டாலும் என்னிட்ட எடுக்கட்டும்" என்று எழுதினார். அது என் கண்ணைக் கலங்க வைத்தது.

பிள்ளை பிறக்க மருந்து வைத்த காலையில் நான் வேலையில் இருந்தேன். கடைசித் தரிப்பிடத்துக்கு வந்ததும் குகன் எடுத்தான்.

"அத்தான், உங்கட ஆக்கள் வந்திருக்கினம்."

"எத்தினை பேர்?"

"ஒரு வான் நிறைய. பூநகரியில இருந்தும் ரெண்டு பேர். நண்டு கொண்டு வந்திருக்கினம்."

"வதனிக்கோ நண்டு?"

"இல்லை, எனக்காம். நான் களைச்சுப்போனனாம்."

"ரத்தம் எடுத்தவையோ?"

"வெளியில உறவுக்காரர் கூடக்கூடாது எண்டு முதலில வாச்சர் கலைச்சவர். பிறகு ரத்தவங்கியில விட்டவை. ஒராள் சாராயம் மணக்குது எண்டு திருப்பிவிட்டிட்டினம். கணேசண்ணை ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்திட்டார். அவருக்குச் சேலைன் ஏறுது. மற்ற ஆக்களிட்ட எடுத்தவை, நல்லது எண்டு சொன்னவை. ஆனா அத்தான்..."

"என்ன?"

"வதனிக்குப் பொருந்தின ரத்தம் அவை முன்னமே எடுத்து வைச்சிருக்கினம். நீங்கள் சொல்லாமலே."

நீங்கள் சொல்லாமலே. அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குகனுக்குக் குத்தத் தெரியாது. இருந்தாலும் அந்த வார்த்தை என்னோடு பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின்னால் உள்ள கதிரையில் உட்கார்ந்துகொண்டது.

"இப்ப எப்பிடி இருக்கிறாள்?"

"பிள்ளை பெறுற அறைக்குள்ள கொண்டுபோட்டினம். ஒண்டும் சொல்லினமில்லை."

அதற்குப் பிறகு நான் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடும்போது தொலைபேசியைத் தொடக்கூடாது. அது என் காற்சட்டைப் பையில் இரண்டு முறை நடுங்கியது. ஒரு தரிப்பிடத்தை நிற்காமல் கடந்துபோனேன். ஒரு கிழவர் மணியை அடித்துவிட்டு, அடித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். திரையில் டொக்டர் நெஸ்தே ஓடிக்கொண்டே இருந்தார். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன் என்று சுகியிடம் சொல்லவில்லை.

அந்த வேளையில் குகனின் தாயார் கோயிலில் நின்றிருக்கிறார். வதனியின் பெயருக்கு ஒரு அர்ச்சனை. டொக்டர் நெஸ்தேயின் பெயருக்கு ஒன்று. ஐயர் நட்சத்திரம் கேட்டாராம். வெளிநாட்டுக்காரர், தெரியாது, சுவாமி பேருக்குச் செய்யுங்கோ என்றாராம். எனக்கு அர்ச்சனை இல்லை. நியாயம்தான்.

7

பின்னேரம் பெண்பிள்ளை பிறந்தது. சாதாரணப் பிரசவம். இரத்தம் எல்லோருக்கும் போகிற அளவுதான் போனது. எடுத்து வைத்த இரத்தத்தைத் தொடவில்லை. அடுத்த நாள் வைத்தியர் சொன்ன நேரத்துக்கு வதனி ஊசியைத் திரும்பத் தொடங்கி, சொன்ன ஆறு கிழமையும் போட்டாள். கால் வீங்கவில்லை. போன கிழமை என் நாடியில் வெட்டியபோதும் இரத்தம் தண்ணீராகவில்லை, பிந்தித்தான் நின்றது, நான் ஊருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை.